சுத்தியலும் ஒளிக்கதிரும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், முந்தலைத் தாண்டி வருவது மதுரங்குளி. களப்பின் அயலிலே அமைந்த ஊர். உப்புக்காற்று இரும்பை எளிதில் அரித்துவிடும் கரை. இப்பகுதி மீனவர் ஒருவரது வள்ளத்து இயந்திரத்தில் ஒரு சிறு தண்டு முறிந்துபோமாயின், மாற்றுறுப்பு வந்து சேருமளவும் வள்ளம் கரையிலே கிடக்கும். வீட்டில் அடுப்பும் எரியாது. ஆதலின், எளிதில் முறியாத உறுப்பை எவ்வாறு ஆக்குவது என்னும் வினா விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று.

கடினமான உலோகமே வலிமையான உலோகம் என்று பலர் எண்ணுவர். ஊர்க் கொல்லர் அதனை ஒப்பமாட்டார். கத்தியின் வாய் கடினமாயிருத்தல் வேண்டும். முதுகோ சற்று இளக்கமாயிருத்தல் வேண்டும். முழுவதும் கடினமாயின் கல்லிற் பட்டதும் ஒடியும். முழுவதும் மென்மையாயின் வாய் மழுங்கும். இவ்விரு குணங்களையும் ஒரே இரும்பில் அமைப்பதற்கே அவர் உலையையும் சுத்தியலையும் நீர்த்தொட்டியையும் மாறிமாறிப் பயன்படுத்துகிறார்.

இலங்கைக்கு உலோகக்கலை புதிதன்று. சமனலவேவைப் பகுதியின் மலைச்சரிவுகளில், கி. பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு உருக்கு ஆக்கிய உலைகள் இயங்கின. தொல்லியலாளர் கில் ஜூலெப் 1996ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டு உலகறியச் செய்தார்.

உலோகம் நுண்ணிய மணிகள் நெருங்கி அமைந்த ஒரு பொருள். சுத்தியலால் அடிக்குந்தோறும் அம்மணிகளுள்ளே ஒழுங்கின்மைகள் பெருகி, ஒன்றன் அசைவை மற்றொன்று தடுக்கும், உலோகம் கடினமாகும். பின்னர் உலையில் இட்டால், குலைந்த மணிகளுக்குப் பதிலாகப் புதிய மணிகள் தோன்றும். கடினம் குறைந்து, முறியாமல் வளையும் தன்மை மிகும்.

இக்காலத்தில் உலோக உறுப்புகளை வேறொரு வழியாலும் ஆக்குகின்றனர். உலோகத்தூளைத் தலைமயிரின் பருமனளவே பரப்பி, கணினி காட்டும் இடங்களில் மட்டும் லேசர் ஒளிக்கதிரால் உருக்கி, படைமேற் படையாக உறுப்பை வளர்ப்பர். முப்பரிமாண அச்சு என்பது இதன் பெயர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், இவ்வகையில் ஒரே துண்டாக ஆக்கிய இயந்திரம் பூட்டிய ராக்கெட்டை 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

எனினும், இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. நுண்ணிய குழாய்களும் வளைவுகளும் கொண்டு அச்சிட்ட உறுப்பைச் சுத்தியலால் அடித்தல் இயலாது. அடித்தால் வடிவம் சிதையும். அவ்வாறாயின், கொல்லரின் வித்தையை அதனுள்ளே புகுத்துவது எங்ஙனம்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தேயோ செய்தா தலைமையில், சிங்கப்பூர் முதலிய நாடுகளின் ஆய்வாளரும் கூடி, 2023ஆம் ஆண்டில் இதற்கு விடையொன்றை வெளியிட்டனர். துருப்பிடிக்காத உருக்கை அவர்கள் அச்சிட்டபொழுது, உருக்கும் லேசரே கண்ணுக்குப் புலனாகாத சுத்தியலாகவும் தொழிற்பட்டு, உலோகத்தைக் கடினமாக்கியது. அதே கதிரால் ஓரிடத்தை இரண்டாம் முறை உருக்கினால், அவ்விடத்தின் உள்ளிறுக்கம் தளர்கின்றது. பின்னர் உறுப்பு முழுவதையும் உலையில் இட, தளர்ந்த இடங்களில் மணிகள் புதிதாய் அமைகின்றன. ஏனைய இடங்கள் கடினமாகவே நிற்கின்றன. இவ்வாறு கடினமும் உறுதியும் அடுத்தடுத்து அமைந்த உருக்கு, காய்ச்சி அடித்து ஆக்கிய உருக்குக்கு நிகராக விளங்கியது. எந்த இடம் எத்தன்மையது என்பதை ஆக்குவோரே முன்கூட்டி வரையறுத்தனர்.

இம்முறை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. கடற்கரைப் பட்டறைக்கு உரிய எளிய கருவியன்று. உலோக அச்சுயந்திரத்தின் விலை பெரிது. அதற்குரிய தூளும் தூய்மையாயிருத்தல் வேண்டும். அச்சிட்ட ஒவ்வோர் உறுப்பும் சோதிக்கப்படல் வேண்டும். சோதனையின்றிப் பூட்டிய தண்டு நடுக்கடலில் முறியுமாயின், இழப்பு ஒரு நாட் கூலியோடு நில்லாது.

ஆயினும், தேவையான உறுப்பை அயலூரிலேயே அச்சிட்டு, அதன் எப்பகுதி தேயும், எப்பகுதி வளையும் என்பதற்கேற்ப வலிமையை வகுத்தமைக்கும் காலம் வருமாயின், மதுரங்குளி வள்ளம் நெடுநாள் கரையிற் கிடக்க வேண்டுவதில்லை. அத்தொழிலைக் கற்கப் புகும் இளைஞர், முதற்பாடத்தைத் தம் ஊர்க் கொல்லரிடமே கேட்டறியலாம்: எங்கே அடிப்பது, எங்கே அடியாது விடுவது என்பதே அது.