கைக்கு வேலை கற்பிக்கும் வேலை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் அவர்கள் என்னை டாக்டரம்மா என்று அறிமுகப்படுத்தினார். நான் டாக்டர் அல்ல. பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். அரசாங்க ஆஸ்பத்திரியில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று பலகை தொங்கும் அறையில் பணி செய்கிறேன். வேலை தேடிக் கொடுக்கும் ஆபீஸ் என்று எண்ணி உள்ளே வந்தவர்களும் உண்டு!

என் தந்தையார் ஒரு மழைக்கால விடியலில் வழுக்கி விழுந்தார். உடைந்த மங்கின் மேல் வலது கை ஊன்றியது. தையல் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்காதே என்றார்கள். கட்டு அவிழ்த்த பிறகு என்ன செய்வதென்று எவரும் சொல்லவில்லை. புண் ஆறிற்று, விரல் மடங்கவில்லை. பெரட்டில் அவர் பெயர் கூலி குறைந்த வெளிக்காட்டு வேலைக்கு மாறியது. அதைப்பற்றி அவர் பேசியதே இல்லை. சாப்பிடும்போது மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

என்ன நடந்தது என்பது படித்த பிறகே எனக்கு விளங்கிற்று. விரலை இழுக்கும் தசைநாண் கயிறுபோல் வழுக்கி ஓட வேண்டும். அசையாத கையில் தழும்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. வீக்கம் மூட்டை இறுக்குகிறது. ஆகவே, தசைநாண் தைத்த கையை இன்று சில நாள்களிலேயே அளவோடு அசைக்கத் தொடங்குகிறோம். தாமாகச் செய்தால் தையல் அறுந்துவிடும். சிகிச்சையாளர் சொன்னபடிதான் செய்ய வேண்டும்.

என்னிடம் வருகிறவரின் கையை முதலில் என் கையில் வாங்கிக்கொள்வேன். சூடு எங்கே, வீக்கம் எங்கே, தோல் எந்த இடத்தில் நகர மறுக்கிறது என்று விரலால் பார்ப்பேன். கையை உயர்த்தி வைத்து, விரல்நுனியிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக நீவினால் வீக்கம் வடியும். மூடிய தழும்பின்மேல் எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் சிறு வட்டமாகத் தேய்ப்பேன். பிறகு ஒவ்வொரு மூட்டாக மடக்குவேன். நம் ஊர் நாட்டு வைத்தியர் நீவுவதும் இதுதானே என்பீர்கள். பாதி சரி. ஆனால் நீவியதோடு நான் அனுப்பிவிடுவதில்லை. கத்தியைக் கையில் கொடுப்பேன். பிடி போதவில்லையென்றால் கைப்பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்குவேன். மரத்துண்டில் வெட்டச் சொல்வேன்.

வேலூரில் 1946இல் பணிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்தால் போதுமா? பிழைப்பு வேண்டாமா? ஆகவே அங்கே அவர்களுக்குத் தச்சு வேலையும் பழக்கினார்கள்.

கிராணிமார்களே, நீங்களும் தப்பவில்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தால், பால் வெட்டுகிறவருக்கும் கணினி தட்டுகிறவருக்கும் ஒரே நோயாக இருக்கலாம். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கைக்கு ஏற்ப வளைத்துப் பட்டை செய்து, விரலுக்கு ஓய்வு கொடுப்போம். தைலம் மட்டும் பூசி மாதக்கணக்கில் மறைத்து வைக்காதீர்கள்.

வேலையில் காயம்பட்டால் உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர்கள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டு அவிழ்க்கும் நாளில் டாக்டரிடம், "சாராகெர்ஜாவுக்குக் கடிதம் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசையருகே இருப்பேன். கை மடங்காதவர்கள் வாருங்கள். கத்தியையும் கொண்டு வாருங்கள்.