பெயர் மட்டும் தெரிந்தவர்கள்

(ஆலயப் பொன்விழாவையொட்டி நடந்த விவிலிய மாலையில் ஆற்றிய உரை)





செப்டம்பர் 8-ஆம் நாள் தேவதாயின் பிறப்பு விழாத் திருப்பலியிலும், டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியிலும் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சாமியார் நாத்தடுமாறாமல் முடிக்க வேண்டுமே என்று நமக்குக் கவலை. சிறுவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். வீட்டில் விவிலியம் வாசிப்பவர்களும் அந்தப் பகுதியைத் தாண்டி, மரியாளும் யோசேப்பும் வரும் இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தேன். இன்று, தாண்டிப்போகும் அந்த இடத்திலேயே உங்களைச் சற்று நிறுத்தி வைக்கப் போகிறேன்.

இஸ்ராயேல் மக்கள் ஏன் இப்படிப் பெயர்களை எழுதி வைத்தார்கள்? நிலம் குலத்தின் வழியாக வந்தது. குருத்துவம் ஆரோனின் வழிமரபுக்கே உரியதாயிருந்தது. ஆகவே, "நீ யாருடைய மகன்?" என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. கி.மு. 587-இல் எருசலேம் வீழ்ந்தது; கோவில் எரிந்தது; மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கி.மு. 538-இல் பாரசீக மன்னர் சைரசு அவர்களைத் திரும்பிப்போக அனுமதித்தார். திரும்பி வந்தவர்களுக்கு அரசன் இல்லை, படை இல்லை. நாங்கள் இன்னும் அதே மக்கள்தாம் என்று காட்ட அவர்களிடம் மிஞ்சியவை பெயர்களே. அதற்குப் பின் எழுதப்பட்ட குறிப்பேடு முதல் நூலில், முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்களாகவே இருப்பது இதனால்தான்.

அந்த ஒன்பது அதிகாரங்களுக்குள் பொறுமையோடு நுழைந்தால் அங்கே மனிதர்கள் நிற்கிறார்கள்.

இரண்டாம் அதிகாரத்தில் சேசான் என்று ஒருவர். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, பெண்மக்கள் மட்டுமே. அவர் வீட்டில் யார்கா என்ற எகிப்திய அடிமை ஒருவன் இருந்தான். சேசான் தம் மகளை அவனுக்கே மணமுடித்துக் கொடுத்தார். எகிப்தியருக்குப் பிறந்தவர்களில் மூன்றாம் தலைமுறையினரே சபையில் சேரலாம் என்பது இணைச்சட்ட நூலின் விதி. அப்படியிருந்தும், யூதா குலத்தின் பட்டியலில் யார்காவின் பெயர் மறைக்கப்படவில்லை. அவன் மகன் அத்தாய் தொடங்கி எலிசாமா வரை பதின்மூன்று தலைமுறைகள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அடிமை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அடிமை வழியாகத்தான் குடும்பம் தழைத்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

அதே அதிகாரத்தில் சேலேது என்பவரும் எத்தேர் என்பவரும் வருகிறார்கள். இருவரும் பிள்ளையின்றி இறந்தார்கள் என்பதே அவர்களைப் பற்றிய செய்தி. வாரிசுகளைக் காட்டத்தான் பட்டியல். வாரிசு இல்லாதவர்களை விட்டுவிட்டிருந்தால் கணக்கில் எதுவும் குறைந்திராது. ஆயினும் எழுதியவர் அவர்களை விடவில்லை. பிள்ளையில்லை என்பதற்காக ஒருவரை நல்ல காரியங்களில் ஒதுக்கி நிறுத்தும் பழக்கம் நம்மில் இன்னும் முழுதும் ஒழியவில்லை. அப்படி ஒதுக்குகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை வாசிக்கட்டும்.

ஏழாம் அதிகாரத்தில் எப்ராயிமின் வீட்டுத் துக்கம் வருகிறது. அவர் மக்களில் இருவர் கால்நடைகளைக் கவர்ந்துவரக் காத்து ஊருக்குப் போனார்கள். அவ்வூரார் கையால் மாண்டார்கள். தகப்பன் பல நாள் அழுதார். உறவினர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அதன்பின் பிறந்த மகனுக்கு, வீட்டுக்கு நேர்ந்த துன்பத்தை நினைத்துப் பெரீயா என்று பெயரிட்டார். அதற்கு அடுத்த வரியில் அதே குடும்பத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். பெயர் செயேரா. கீழ் பெத்கோரோன், மேல் பெத்கோரோன் என்ற ஊர்களைக் கட்டியவள் அவள். ஊர் கட்டியதாக விவிலியம் பெயர் சொல்லிக் குறிக்கும் பெண் இவளே. எழவு விழுந்த வீட்டிலிருந்து ஊர்களைக் கட்டியெழுப்பிய ஒரு பெண் வந்தாள். அதே குலத்தில் பின்னர் நூனின் மகன் யோசுவாவும் தோன்றினார்.

ஆனால் எழுதப்படாமல் போனவர்களின் கதி என்ன? எஸ்ரா நூல் இரண்டாம் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் தெலாயா, தோபியா, நெக்கோதா ஆகியோரின் வழிவந்த 652 பேரால், தாங்கள் இஸ்ராயேலர் என்று மெய்ப்பிக்க முடியவில்லை. குருக்களிலும் மூன்று குடும்பங்கள் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடின. கிடைக்கவில்லை. குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். தூய உணவை உண்ணவும் தடை விதிக்கப்பட்டது. ஊரீம், தும்மீம் கொண்டு இறைவனின் தீர்ப்பைக் கேட்டறியும் குரு ஒருவர் தோன்றும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டும் என்றார் ஆளுநர்.

அந்த மூன்று குடும்பங்களில் ஒன்று அக்கோசின் குடும்பம். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, கி.மு. 445-ஐ ஒட்டி, நெகேமியா எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தார். யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற பட்டியல் அவர் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. அதில் அக்கோசு வழிவந்த மெரேமோத்து என்ற பெயர் இருக்கிறது. ஓரிடத்தில் அன்று, இரண்டு இடங்களில்! ஒரு பகுதியைக் கட்டி முடித்து, இன்னொரு பகுதியையும் ஏற்றுக் கட்டியிருக்கிறார். ஏட்டில் காணாமற்போன குடும்பத்தின் பெயர் மதிலில் வந்து சேர்ந்தது. "எங்கள் பெயரை எழுதாத ஊருக்கு நாங்கள் ஏன் கல் சுமக்க வேண்டும்?" என்று அக்குடும்பம் விலகியிருக்கலாம். விலகவில்லை.

இனி மத்தேயுவிடம் வருவோம். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நான்கு பெண்களைப் பற்றி நீங்கள் பல மறையுரைகளில் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல விரும்புவது செருபாபேலுக்கும் யோசேப்புக்கும் இடையே வரும் ஒன்பது பேரைப் பற்றி: அபியூது, எலியாக்கிம், அசோர், சாதோக்கு, ஆக்கிம், எலியூது, எலயாசர், மாத்தான், யாக்கோபு. இவர்களைப் பற்றி விவிலியத்தில் வேறெங்கும் ஒரு வரியும் இல்லை. இவர்கள் வாழ்ந்த அந்த ஐந்து நூற்றாண்டுகளில் பாரசீகர் ஆண்டார்கள். கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தார். கி.மு. 167-இல் அந்தியோக்கு கோவிலைத் தீட்டுப்படுத்தினான். கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்தார். தாவீதின் அரியணை ஒருநாளும் திரும்பவில்லை. ஆயினும் தகப்பன் மகனுக்குச் சொன்னான்; மகன் தன் மகனுக்குச் சொன்னான். கடைசியில் நாசரேத்துத் தச்சர் ஒருவரின் கனவில் தோன்றிய வானதூதர், "தாவீதின் மகனே" என்றல்லவா அவரை அழைத்தார்! அந்த அழைப்பு யோசேப்பின் காதில் விழும் வரை அதைச் சுமந்து வந்தவர்கள், பெயர் மட்டும் தெரிந்த இந்த ஒன்பது பேர். யோசேப்பு குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டார். தாவீதின் குலம் அவருக்கு உரித்தாயிற்று.

அன்புள்ள பங்கு மக்களே, நம்மிடமும் ஒரு பட்டியல் உண்டு. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம், திருமணங்களையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பங்குக்குருக்கள் ஏட்டில் பதிந்து காக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்த வழியில் வந்ததுதான் நம் ஆலய அலுவலக அலமாரியில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகம். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர், தண்ணீர் ஊற்றிய குரு. அவ்வளவுதான். அந்த ஒற்றை வரிகளின் மேல்தான் இந்த ஆலயம் நிற்கிறது.

பீடத்துக்கும் கொடிமரத்துக்கும் கோபுரத்துக்கும் பொருளுதவி செய்தவர்களின் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம். அது நன்றிக்கடன்; செய்யத்தான் வேண்டும். ஆனால் கூலி வாங்காமல் மணல் சுமந்த பெண்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார், விடியுமுன் திரிகால மணி அடித்த கோயில்பிள்ளை, இவர்களின் பெயர் எங்கே? இந்த விழா மலர் வெளிவரும்போதும் சில பெயர்கள் விடுபட்டிருக்கும். மனத்தாங்கல் வரும். "இத்தனை செய்தோம், எங்கள் பெயர் இல்லையே" என்று கேட்கத் தோன்றும். அந்த வருத்தம் நியாயமானதே. எழுதுகிறவர்கள் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். ஆனால் வருத்தப்படுகிறவர்கள் அக்கோசு வீட்டாரையும் மறக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் குடும்பத்தில் மூத்தவரின் அருகில் உட்காருங்கள். "இந்தக் கோயிலுக்காக உழைத்தவர்களில் யாரை நாங்கள் மறந்துவிட்டோம்?" என்று கேளுங்கள். கிடைக்கும் பெயர்களைத் தாளில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று அவற்றை வாசித்துச் செபிப்போம். அன்றைக்கும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். சிறுவர்கள் கால் மாற்றி நிற்கத்தான் செய்வார்கள். நாம் பொறுமையாகக் கேட்போம். நம் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பது பற்றி மகிழச் சொன்ன ஆண்டவர், அவர்களில் ஒருவரையும் விட்டுவிடவில்லை.

இயேசுவுக்கே புகழ்!