தமிழ் யூனியன் மைதானத்தில் இருவர்

(ஊர்காவற்றுறை இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழும்பில் 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தில் அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு யாரும் ஆடவில்லை. அதன் வீரர் மகாதேவா சதாசிவம் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். 1948 மார்ச்சில் கழகத்தின் சொந்த மைதானத்திலேயே இலங்கைத் தலைவராக பிராட்மனின் அவுஸ்திரேலிய அணியைச் சந்தித்தார். அன்று ஆடுகளம் 22 யாருக்குப் பதில் 20 யார்தான் இருந்ததாம்! கொழுந்து நிறுக்கும் தராசு தெரிந்தவர்களுக்கு இது புதினமில்லை.

அதே ஆண்டுதான் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தமிழர் ஒருவர் நாட்டு அணிக்குத் தலைவர். மலையகத்தில் நாங்கள் நாடற்றவர்கள்.

பிறகு அதே கழகத்துக்கு முத்தையா முரளிதரன் வந்தார். பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். 2010 ஜூலை, காலி மைதானம், கடைசி டெஸ்ட். 800ஐத் தொட எட்டு விக்கெட் வேண்டும். ஏழு விழுந்தாயிற்று. மிச்சமிருந்ததோ இந்தியாவின் கடைசி விக்கெட் ஒன்றே. ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை மஹேல பிடித்தார்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மடுவத்து முற்றத்தில் பலகைத் துண்டால்தான் அடிக்கிறார்கள். மைதானம் கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். நீங்களும் கையெழுத்திடுங்கள். கிடைத்தால் முதல் ஆட்டம் உங்களோடுதான். பந்து மட்டும் கொண்டு வாருங்கள்.