பக்கத்தில் இருப்பவர் யார்?



மிகச் சிறியோருக்குச் செய்வதெல்லாம் தமக்கே செய்வது என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டதோடு நில்லாமல் வாழ்ந்தும் காட்டிய ஒரு கவிஞரை இன்று நினைப்போம்.

அவர் பெயர் ரோஸ் ஹாதோர்ன். 1851-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை நத்தானியேல் ஹாதோர்ன் புகழ்பெற்ற நாவலாசிரியர். மகளுக்கும் எழுத்து வசப்பட்டது. 1888-இல் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. ஆனால் வீட்டிற்குள் துயரம். ஒரே மகன் பிரான்சிஸ் நான்கு வயதில், 1881-இல், தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். கணவரின் குடிப்பழக்கமும் குடும்பத்தை அலைக்கழித்தது. 1891-இல் இருவரும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள். அதன் பிறகும் சிலுவை தோளைவிட்டு இறங்கவில்லை. பிரிந்து வாழ நேர்ந்தது.

அந்நாளில் புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்று மக்கள் அஞ்சினார்கள். இனிக் குணமாகாது என்று தெரிந்த ஏழைகளை மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் அவர்களுக்கு மிஞ்சியது ஆற்றின் நடுவே ஒரு தீவிலிருந்த ஏழையர் விடுதி. தையல் வேலை செய்து பிழைத்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி வந்ததை ரோஸ் கேள்விப்பட்டார். அதன்பின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1896-இல், 45 வயதில், புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் புண்ணுக்குக் கட்டுப்போடப் பழகினார். ஏழைகள் வாழ்ந்த பகுதியில் வாடகைக்குக் குடியேறி, நோயாளிகளைத் தம்மோடு வைத்துப் பராமரித்தார். 1900-இல் தொமினிக்கன் துறவியாகி, அன்னை மேரி அல்போன்சா ஆனார்.

நோயாளியிடமோ உறவினரிடமோ காசு வாங்கக்கூடாது என்பது அவர் வகுத்த ஒழுங்கு. 1926-இல் அவர் இறந்த பின்பும் அவருடைய சகோதரிகள் அதைக் காத்துவருகிறார்கள். 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தார்.

ஒன்றைக் கவனிப்போம். அந்த நோயாளிகளை அவரால் குணமாக்க முடியவில்லை. தம் மகனையும் அவர் திரும்பப் பெறவில்லை. சாகப்போகிறவர் தனியாகச் சாகாதபடி பக்கத்தில் இருந்தார். அதற்குப் புலமையோ பணமோ தேவைப்படவில்லை.

நம் பங்கிலும் படுக்கையில் இருப்போர் உண்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்க வேண்டாம். பேசாமலே பக்கத்தில் உட்காருவோம், கஞ்சி ஊட்டுவோம். இரவும் பகலும் அவரைக் கவனிக்கும் மனைவியோ மகளோ ஞாயிறு திருப்பலிக்குப் போய்வரட்டும். அந்த ஒரு மணி நேரம் நாம் அங்கே இருப்போம். அந்தக் கட்டிலில் நாம் சந்திப்பது ஆண்டவரையே. அவரைக் கண்டுகொள்ளும் கண்களை அவரே நமக்குத் தருவாராக. ஆமென்.