மிச்ச நூல்: நிறம் அப்புறம், ரகம் முதலில்

குரோஷா போடுற எல்லார் வீட்டிலும் ஒரு பை நிறைய மிச்ச நூல் இருக்கும். அதைக் கொட்டினதும் நிறம் நிறமாகத்தான் பிரிப்போம். அதுக்கு முன்னாடி ரகம் பிரிங்க என்பேன் நான்.

நம்ம ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். அது ஆட்டு ரோமம் இல்லை, ஒரு வகை பிளாஸ்டிக். லேபிள் தொலைந்த நூலை எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்துங்க. முடி கருகுற வாசனை வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரியுற வாசனை என்றால் பருத்தி. உருகி, கெட்டியான மணி போல நின்றால் அக்ரிலிக்.

இது ஏன் முக்கியம்? அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குற பிடிதுணியை அக்ரிலிக்கில் போட்டால், சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். அதுக்குப் பருத்திதான், அதுவும் இரட்டை மடிப்பாக. கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த போர்வையைச் சுடுதண்ணீரில் அலசினால், கம்பளிக் கட்டங்கள் மட்டும் சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும்.

அப்போ அக்ரிலிக் வீணா? இல்லவே இல்லை. போர்வைக்குக் கிரானி சதுரம் போடுங்க. நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளர்வதால், சுற்றுக்கு ஒரு துண்டு நூல் போதும். கடைசிச் சுற்றை மட்டும் எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் முடிங்க. உள்ளே எத்தனை நிறம் இருந்தாலும் ஒரே குடும்பமாகத் தெரியும். நிறம் மாற்றும்போது 15 செ.மீ. நுனி விட்டு, ஊசியில் கோத்து உள்ளே ஒளித்துவிடுங்க, பிரியாது.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.