கித்தாரில் மனோதர்மம்



எங்கள் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் மாலை வேளையில் எந்தத் தாமானுக்குள் நடந்து சென்றாலும், ஏதாவதொரு வீட்டு வாசலில் ஒரு பிள்ளை கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு திரைப்பாட்டு ஒன்றைத் தேடித் தேடி வாசிப்பதைக் கேட்கலாம். "படிக்கிற நேரத்தில் என்ன கித்தார்?" என்று உள்ளேயிருந்து வரும் குரலையும் கேட்கலாம். வீணையும் வயலினும் சங்கீதம். கித்தார் வெறும் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அந்த முடிவு சரிதானா? ஒரு தமிழ்க் கலைஞரின் வாழ்க்கையைக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம். அவர்தாம் கித்தார் பிரசன்னா.

பிரசன்னா 1970-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றார். கருநாடக இசையைத் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும், வயலின் மேதை கன்யாகுமரியிடமும் பயின்றார். பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற பெர்க்லி இசைக் கல்லூரியில் மேலை இசையையும் ஜாஸையும் கற்றார். கப்பல் கட்டப் படித்தவர் கித்தாரையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

கித்தார் அயல்நாட்டுக் கருவியாயிற்றே, அதில் நம் இராகங்கள் வருமா என்று சிலர் கேட்கலாம். வயலின் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துசாமி தீட்சிதரின் தம்பியான பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனை நம் இசைக்குள் கொண்டுவந்தார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் காண்பது அரிது. நம் காலத்திலேயே ஸ்ரீநிவாஸ் மாண்டலினையும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் கச்சேரி மேடையில் ஏற்றிக் காட்டினார்கள்.

ஆயினும் கித்தாரில் ஒரு தடை உண்டு. அதன் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டையில் விரலை அழுத்தினால் ஒரு சுரம் அசையாமல் ஒலிக்கும். நம் இசையின் உயிரோ கமகத்தில் இருக்கிறது. தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஓரிடத்தில் நிற்பதில்லை, ஊசலாடிக்கொண்டே இருக்கும். அசையாத காந்தாரத்தை வாசித்தால் சுரம் வரும், தோடி வராது.

வீணையில் மெட்டுகள் உயர்ந்திருப்பதால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களைக் காட்டலாம். கித்தாரில் அவ்வளவு இழுக்க இடமில்லை. வட இந்தியாவில் பிரிஜ் பூஷண் காப்ரா, விஸ்வ மோகன் பட் போன்றோர் கித்தாரை மடியில் படுக்கவைத்து, உருக்குத் தண்டினால் தந்தியைத் தேய்த்து வாசித்து இத்தடையைக் கடந்தார்கள். பிரசன்னாவோ கித்தாரை எல்லாரும் பிடிப்பதுபோலவே பிடித்தார். எங்கே தந்தியை இழுப்பது, எங்கே விரலை வழுக்கிச் செல்வது, எங்கே சும்மா விடுவது என்று சுரம் சுரமாகப் பழகியே இந்த வாசிப்பு கைவரும். மின்கித்தாரில் ஒருமுறை மீட்டிய நாதம் நெடுநேரம் நிற்கும் என்பதும் கமகத்துக்கு உதவியாகிறது.

இனி மனோதர்மத்துக்கு வருவோம். எழுதிவைத்ததை வாசிக்காமல், மேடையில் அந்த நேரத்திலேயே இசையைப் படைப்பது மனோதர்மம். ஆலாபனை, தானம், நிரவல், கல்பனாசுரம் எல்லாம் இதன் வகைகள். ஜாஸ் கலைஞரும் இதைத்தான் செய்கிறார். ஆனால் வழி வேறு. ஜாஸ் கலைஞருக்குச் சுரக்கூட்டுகள் அடிக்கடி மாறிக்கொண்டே வரும். அந்த மாற்றங்களுக்கு இசையக் கற்பனை செய்ய வேண்டும். நம் வித்துவானுக்கோ இராகம் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள்ளேயே புதுமை காண வேண்டும். கல்பனாசுரத்தில் எத்தனை தூரம் போனாலும் தாளம் தவறாமல் பாட்டின் எடுப்புக்கு வந்து சேர வேண்டும்.

இந்த இரு வழிகளையும் கற்றவர் பிரசன்னா. அமெரிக்கக் கித்தார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மறைந்த ஆண்டும் 1970 தான். அந்த மேதைக்கு அஞ்சலியாக 2006-இல் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபேலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய 'தீர்த்தா' 2011-இல் வெளிவந்தது. உதட்டுப் பிளவுடன் பிறந்த ஓர் ஏழைச் சிறுமியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படம் 2009-இல் ஆஸ்கார் விருது பெற்றது. அதற்கு இசையமைத்தவர் இவரே. தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கழகத்துக்குத் தலைமை தாங்கி, இளைஞர்களுக்கும் வழிகாட்டினார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் என்ன? எல்லாப் பிள்ளைகளும் படிப்பை முடித்துவிட்டுக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதன்று. கலையை நம்பிப் பிழைப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். பாடம் வேறு. மனோதர்மம் என்பது மனம் போன போக்கில் வாசிப்பதன்று. சரளிவரிசையும் அலங்காரமும் வர்ணமும் விரலில் ஊறிய பிறகே அந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. கருவி எந்த நாட்டுடையது என்பது பெரிதன்று. அதற்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்பதே பெரிது.

ஆகவே பெற்றோர்களே, வாசலில் கித்தார் ஒலி கேட்டால் உடனே அதட்டிவிடாதீர்கள். சற்றே அருகில் அமர்ந்து, "மாயாமாளவகௌளையில் ஒரு சரளிவரிசையை வாசி, கேட்போம்" என்று சொல்லுங்கள். முதலில் வாயால் பாடச் செய்யுங்கள். பிறகு விரலால் தேடட்டும். பிள்ளை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் படிப்பு தொடங்குகிறது. பத்து நாளில் சலித்துப் போனால் அது பொழுதுபோக்கு. பத்து மாதம் கழித்தும் அதே வரிசையை மூன்றாம் காலத்தில் வாசித்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் சங்கீதம் குடிவந்துவிட்டது என்று நாம் மகிழலாம்.