வாகனம் துடைக்கும் துவாய்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது முதுமொழி. அடித்துக் கட்டு என்றோ, அவித்துக் கட்டு என்றோ முன்னோர் சொல்லவில்லை. பருத்தித் துணியைப் பொறுத்தவரை இச்சொல் நுணுக்கத்தைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. கல்லில் அடித்தாலும் வெள்ளாவியில் வைத்தாலும் பருத்தி தாங்கிக்கொள்ளும். ஆனால் இன்று பதுளை நகரத்து முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களிலும், பசறை, லுணுகலை, ஹாலி எல வழியாகத் தோட்டங்களுக்குச் சென்றுவரும் வேன்களிலும், இருக்கையின் கீழே மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு துவாய்க்குக் ‘கசக்கு’ என்னும் அந்தச் சொல் மிகமிகப் பொருந்தும். நீலமாகவோ மஞ்சளாகவோ, தொட்டால் பூனைக்குட்டியின் முதுகுபோல மெத்தென்று இருக்கும் அத்துவாயைக் கடைக்காரர் ‘மைக்ரோபைபர்’ என்பார். நுண்ணிழைத் துவாய் என்று தமிழிற் சொல்லலாம். அதனைத் தோய்ப்பதும் உலர்த்துவதும் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதுவும் ஒரு பேச்சுக்குரிய பொருளோ என்று நேயர்களுட் சிலர் புன்னகை புரியக்கூடும். தோட்டத்து இளைஞன் ஒருவன் முச்சக்கர வண்டி வாங்கும் கதையை அறிந்தவர்கள் அவ்வாறு புன்னகை புரிய மாட்டார்கள். தாயோ தந்தையோ முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் ஓய்வு பெறும்போது கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதிப் பணம் பல குடும்பங்களில் ஒரு வண்டிக்கு முற்பணமாகிவிடுகிறது. மீதிப் பணம் லீசிங் தவணையாக மாதந்தோறும் கட்டப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி வரை நீடித்த காலத்தில், ஓடிப் பழகிய பழைய வண்டிகளுக்கே பெருவிலை ஏற்பட்டதை நாடறியும். தவணை முடிந்து விற்கும் நாளில் வாங்க வருபவன் முதலில் பார்ப்பது இயந்திரத்தை அன்று. மேற்பூச்சின் பளபளப்பையே பார்க்கிறான். வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது சிலந்தி வலைபோன்ற நுண்கீறல்கள் தெரிந்தால் விலை இறங்கிவிடும். அக்கீறல்களுள் பெரும்பகுதி வீதியில் விழுந்தவை அல்ல. துடைத்த துணியினால் விழுந்தவை. ஒரு தாயின் ஆயுட்கால உழைப்பிலே ஒரு சிறு பங்கு அந்தத் துணியின் கையில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

முன்னொரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் கார் என்றால் அது பெரிய துரையின் கார்தான். பங்களா முற்றத்தில் சாரதி அதனைக் கழுவித் துடைப்பதைச் சிறுவர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பதுண்டு. அந்நாளில் நீரை ஒற்றி எடுக்கப் பயன்பட்டது ‘ஷாமி’ எனப்பட்ட மென்தோல். ஆட்டுத்தோலை மீனெண்ணெயிற் பதப்படுத்திச் செய்த பொருள் அது. ஈரமாக இருக்கும்போது மெத்தென்றிருக்கும். வெயிலில் காயவிட்டால் அப்பளம்போல் விறைத்துவிடும். ஆகவே நிழலிலே காயவைக்க வேண்டும் என்ற விதி அப்போதே பிறந்துவிட்டது. தோல் கிடைக்காதவர்கள் பழைய வேட்டியையும் சேலைத் துண்டையும் பயன்படுத்தினர். பன்முறை தோய்த்து நைந்த பருத்தி உண்மையிலேயே நல்ல துடைப்புத் துணிதான். அதனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அது நீரை உறிஞ்சும் வேகமும், தூசியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் திறனும் நுண்ணிழைக்கு ஈடாகா.

நுண்ணிழை ஜப்பான் நாட்டில் வளர்ந்த கலை. டொறே நிறுவனத்தின் ஆய்வாளர் மியோஷி ஒக்கமோட்டோ 1970ஆம் ஆண்டில் மிக மெல்லிய செயற்கை இழைகளைக் கொண்டு மான்தோல் போன்ற ஒரு துணியை உருவாக்கினார். அவ்வழி வந்தவையே இன்றைய துடைப்புத் துணிகள். இவ்விழையின் மென்மையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஓர் இழையை 9000 மீற்றர் நீளத்துக்கு, அதாவது பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து ஹாலி எலயையும் தாண்டிச் செல்லும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தாலும் அதன் நிறை ஒரு கிராமை எட்டாது. பொலியெஸ்டர், பொலியமைட்டு என்னும் இரண்டு பொருள்களை ஒரே இழையாக இழுத்து, பின்னர் அதனைப் பிளக்கிறார்கள். பொலியமைட்டு என்பது நைலோனின் குடும்பம். பெரும்பாலும் 80க்கு 20, அல்லது 70க்கு 30 என்ற அளவில் இரண்டும் கலக்கும். பிளந்த இழையைக் குறுக்கே வெட்டிப் பெருக்கிப் பார்த்தால் தோடம்பழத்தின் சுளைகளைப் போல் ஆப்பு வடிவத் துண்டுகள் தெரியும். அச்சுளைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகளே நீரையும் அழுக்கையும் இழுத்து வைத்துக்கொள்கின்றன.

தோய்க்கும் முறை முழுவதும் இந்தச் சந்துகளிலிருந்தே பிறக்கிறது. சந்து அடைபட்டால் துவாய் வெறும் பிளாஸ்திக்குத் தாள். சந்துக்குள் மணல் தங்கினால் அது அரத்தாள்.

பீலிக்கரையில் நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். மகன் மாலையில் கொண்டுவந்து போட்ட துவாயைத் தாய் மற்ற உடுப்புகளோடு சேர்த்து எடுத்துச் செல்கிறாள். சவர்க்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்து, கல்லில் நான்கு அடி அடித்து, அலசிப் பிழிந்து, வரும் வழியில் தேயிலைச் செடியின் மேல் விரித்துவிடுகிறாள். பருத்தித் துணிக்கு அவள் செய்த யாவும் சரியே. தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை அது. துணி மாறியதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை, குற்றம் அவளுடையதன்று.

கல்லில் அடிக்கும்போது கல்லின் மேலுள்ள பொடிமணல் துவாயின் மயிர்க்கால்களுக்குள் குத்தி ஏறுகிறது, வளையங்களும் அறுகின்றன. மணலிலுள்ள படிகக்கல் வண்டியின் மேற்பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. சவர்க்காரக் கட்டியும் இத்துவாய்க்கு ஆகாது. ஊவாவின் சில பகுதிகளில் நிலத்தடியிலே பளிங்குச் சுண்ணக்கல் உண்டு. அத்தகைய நிலத்தில் ஊறும் வன்னீரோடு சவர்க்காரம் சேர்ந்தால் நுரைக்குப் பதிலாக வெண்ணிறக் கசடு திரள்வதைப் பெண்கள் நன்கு அறிவார்கள். அக்கசடு இழைச் சந்துகளில் படிந்துவிட்டால், துவாய் நீரை உறிஞ்சாமல் வழுக்கிக்கொண்டு போகும். பாத்திரம் கழுவும் திரவமோ, துணிக்கான திரவச் சலவைப் பொருளோ சில துளி போதும். சலவைத்தூள்தான் கையில் உண்டென்றால் அதனை முதலில் நீரில் முற்றாகக் கரைத்துவிட வேண்டும்.

மணத்துக்காகவும் மென்மைக்காகவும் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் ஒன்று விளம்பரங்களில் வருகிறது. இத்துவாய்க்கு அதைப்போல் பகை வேறில்லை. இழையின் மேல் எண்ணெய்ப்பசை போன்ற படலம் பூசித்தான் அது மென்மை தருகிறது. படலம் பூசிய இழை நீரைத் தள்ளும். வெளுக்கும் மருந்தாகிய குளோரினும் ஆகாது. பொலியமைட்டை அது அரித்துவிடும்.

சூடு பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பொலியெஸ்டர் தன் விறைப்பை இழந்து இளகத் தொடங்கும். அந்நிலையில் கசக்கினால் நுண்ணிழைகள் வளைந்து, ஆறும்போது வளைந்தபடியே இறுகிவிடும். வெள்ளாவி வைத்து வெளுத்தல் இதற்கு எவ்வளவு பொருந்தாது என்பது இப்போது விளங்கும். 40 பாகை அளவான வெந்நீர் நலம். வெப்பமானி தேவையில்லை, கொதித்த நீர் ஒரு பங்குக்குப் பச்சைத்தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். அதில் துவாயைக் கால் மணி நேரம் ஊறவைத்து, கையால் மெல்லக் கசக்கி, நுரை அற்றுப்போகும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பருத்தி உடுப்புகளோடு சேர்த்து ஊறவைக்கலாகாது. பருத்தியின் பஞ்சுத் துகள்களை இத்துவாய் காந்தம்போல் பற்றிக்கொண்டு, மறுநாள் கண்ணாடியெங்கும் அப்பிவிடும். சக்கரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்த துவாயை மேற்பாகம் துடைக்கும் துவாயோடு ஒரே வாளியில் இடுவதும் தவறு. நிறத்தால் பிரித்து வைத்துக்கொள்ளும் சாரதி புத்திசாலி.

இனி உலர்த்தல். தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. பறித்த கொழுந்தை உடனே அடுப்புச் சூட்டில் இடுவதில்லை. வாட்டும் தொட்டிகளில் பரப்பி, மணிக்கணக்காகக் காற்றோட விடுகிறார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் பெருஞ்சூடு பின்னர் வருவது. நுண்ணிழைத் துவாய்க்கு வேண்டியது கொழுந்துக்குரிய வாட்டல் மட்டுமே. இயந்திரத்தின் சூடு எக்காலத்தும் வேண்டியதில்லை. இதற்கொரு காரணம் உண்டு. பருத்தி இழை தன் உடலுக்குள்ளேயே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சாதாரண காற்றில் இருக்கும்போதே அதன் நிறையில் நூற்றுக்கு 8 பங்கு அளவுக்கு ஈரம் இருக்கும். பொலியமைட்டில் இது 4 பங்கு அளவு. பொலியெஸ்டரிலோ அரைப்பங்குக்கும் குறைவு. ஆகவே துவாயிலுள்ள நீர் பெரும்பாலும் இழைகளுக்கு இடையே நிற்கும் நீர்தான். முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, உதறி, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டால் அது விரைவாகவே போய்விடும்.

இதற்கு ஊவாவைவிடச் சிறந்த ஊர் எது? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி இப்பக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாக மாறிவிடுகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றிலே பறிக்கும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, துவாய் ஒன்று நிச்சயமாகப் பறக்கும். இரண்டு கவ்விகள் போட்டுவிடுவது நல்லது. உச்சிவெயிலில் நாள்தோறும் தொங்கவிட வேண்டாம். நைலோன் வகை இழைகளை வெயில் மெல்ல மெல்ல நலிவிக்கும். தேயிலைச் செடியின் மேலும் முட்கம்பி வேலியிலும் விரிப்பதை விட்டுவிட வேண்டும். சுள்ளிகளும் முட்களும் வளையங்களை இழுப்பதோடு, களைகொல்லியும் பூச்சிமருந்தும் தெளித்த இலைகளின் எச்சம் துணியில் ஏறும்.

சிக்கல் வருவது ஒக்டோபருக்குப் பின்னர். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் பதுளையில் சனவரிவரை துணி காய்வது பெரும்பாடு. அப்புத்தளைப் பக்கத்தில் மூடுபனி லயத்து வாசலுக்குள்ளேயே வந்து நிற்கும். அந்நாட்களில் துவாயை அடுப்பங்கரைக் கயிற்றில் போடுவது வழக்கம். விறகுப் புகையின் கரியும் பிசினும் இழைகளில் ஏறி, மறுநாள் கண்ணாடியில் மங்கலான கோடுகளாக வெளிப்படும். வண்டியின் புகைக்குழாய்மேல் விரித்துக் காயவைப்போரும் உண்டு, அது துவாயைக் கருக்கிவிடும். அதைவிட, ஈரத்துவாயை உலர்ந்த மற்றொரு நுண்ணிழைத் துவாயோடு சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் பாதி நீர் அதிலே போய்விடும். எஞ்சியதற்குத் தாழ்வாரத்தில் ஓர் இரவு போதும். ஈரத்தோடு மடித்து இருக்கையின் கீழ் வைப்பதே எல்லாவற்றிலும் கேடு. பூஞ்சணம் பொலியெஸ்டரை உண்பதில்லை. அதில் எஞ்சிய அழுக்கையும் சவர்க்காரத்தையும் உண்டு வளரும். வண்டியில் ஏறும் பயணி முதலில் உணர்வது அந்த நாற்றத்தைத்தான்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நுண்ணிழைத் துவாய் பிளாஸ்திக்கினால் ஆனது. ஒவ்வொரு தோய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துண்டுகள் அதிலிருந்து கழன்று நீரிற் கலக்கின்றன. பீலியின் நீர் ஓடைக்கும், ஓடை பதுளு ஓயாவுக்கும், அது மகாவலிக்கும் போய்ச் சேர்கிறது. மேட்டு லயத்தில் தோய்த்த நீரையே பள்ளத்து லயத்தில் குடிக்க எடுப்போர் உண்டு. ஆகையால் துவாயை ஓடும் நீரில் தோய்க்காமல், வாளியில் தோய்த்து, அந்த நீரை ஓடைக்கு எட்டாத மண்ணில் ஊற்றுவது முறை. மண்ணிலும் அவை தங்கத்தான் செய்யும். ஆயினும் அயலாரின் குடத்துக்குள் நேரே போகா. வண்டியையே ஓடைக்குள் இறக்கிக் கழுவும் வழக்கத்தைப் பற்றிப் பேசினால் அது வேறொரு பேச்சாக நீளும். கோடையில் ஒரு குடம் நீருக்குப் பீலியடியில் வரிசை நிற்கும் தோட்டங்களில் அவ்வழக்கத்தைக் கண்டிக்க யாருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

தோய்ப்பின் தொகையைக் குறைக்கவும் வழி உண்டு. துடைக்குமுன் வண்டியின் மேலுள்ள மணலையும் புழுதியையும் நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். துவாயை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும்; ஒரு முகம் அழுக்கானதும் மறுமுகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தரையில் விழுந்த துவாயை மாத்திரம், தோய்க்கும்வரை மீண்டும் வண்டியில் வைக்கலாகாது.

துவாய் இன்னும் வேலைக்கு ஆகுமா என்பதை அறிய ஒரு துளி நீர் போதும். உலர்ந்த துவாயின் மேல் விட்ட துளி உடனே மறைந்தால் அது நலமாக இருக்கிறது. துளி உருண்டு முத்துப்போல் நின்றால் சந்துகள் அடைபட்டுள்ளன. ஒரு வாளி நீரில் சில மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊறவைத்து அலசினால் வன்னீர்க் கசடு பெரும்பாலும் கரைந்துபோகும். அதன்பின்னும் துளி நின்றால், அந்தத் துவாயை மேற்பாகத்தினின்றும் விலக்கிச் சக்கரத்துக்கும், பின்னர் இயந்திரத்துக்கும் ஒதுக்கலாம். எண்ணெய் தோய்ந்து எதற்கும் உதவாத நிலை வந்தபின், அடுப்பு பற்றவைக்க மட்டும் அதனை எடுக்கக் கூடாது. பருத்திக் கந்தல் எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சொட்டி, கரும்புகையை லயத்து அறைக்குள் பரப்பும்.